கண்டி ராஜாவின் வாசலில்

பழைய ராஜதானி ஒன்றைப் பார்க்கப் புறப்படும் குடும்பங்களில், வண்டி ஏறுவதற்கு முன்பே ஒரு வாதம் கிளம்புவது வழக்கம். எங்கே தங்குவது என்பதுதான் அது. "ஊருக்கு வெளியே தங்கலாம், நல்ல காற்று வரும், இரைச்சல் இராது" என்பார் குடும்பத் தலைவர். "கோயிலுக்குப் பக்கத்தில் தங்கினால் நினைத்தபோது போய் வரலாம்" என்பார் தலைவி. ஐஸ்கிரீம் எங்கே சமீபத்தில் கிடைக்குமோ, அந்தக் கட்சியில் சேருவார்கள் குழந்தைகள். இந்த வாதத்தில் நாம் எப்போதும் தலைவியின் கட்சியே.

காரணம் இருக்கிறது. மதுரைக்குப் போகிற ஒருவர் அழகர்மலை அடிவாரத்தில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் மோட்டாரில் வந்து மீனாட்சியம்மன் கோயிலை இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினால், அவர் கோயிலைப் பார்த்தவர் ஆவார். மதுரையைப் பார்த்தவர் ஆகமாட்டார். விடியற்காலையில் பூக்காரி கூடையை இறக்கி வைப்பதையும், அர்த்தஜாம பூஜை முடிந்தபின் சித்திரை வீதி மெள்ள மெள்ள அடங்குவதையும் பார்த்தவருக்கல்லவா அந்த ஊர் தன் முகத்தைக் காட்டும்? அரசர்கள் அரண்மனையையும் ஆலயத்தையும் குளத்தையும் கடைவீதியையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைத்தது, மனிதன் காலால் நடந்து அவற்றை அறிய வேண்டும் என்றுதான்.

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டுதான் சமீபத்தில் இலங்கைக்குப் போனபோது, கண்டி மாநகரின் நட்ட நடுவில் உள்ள குயின்ஸ் ஹோட்டலில் மூன்று நாள் தங்கினோம்.

மலைகளுக்கு நடுவே

கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர் தூரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மகாவலி கங்கை அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1815-ம் ஆண்டு வரையில் சிங்கள ராஜ்யத்தின் தலைநகரம் இதுவே. கடற்கரையைப் போர்ச்சுக்கீசியர் பிடித்தார்கள். பிறகு டச்சுக்காரர் பிடித்தார்கள். அதன் பிறகு ஆங்கிலேயர் பிடித்தார்கள். மலைநாடு மட்டும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தலைவணங்கவில்லை. 1803-ம் ஆண்டில் கண்டியைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துகொண்ட ஆங்கிலேயப் படை சில மாதங்களுக்குள் அடியோடு அழிந்தது. காடும் கணவாயும் மலேரியாவும் அந்த ராஜ்யத்தின் மூன்று கோட்டைகள்.

அந்தக் கோட்டைகளை உடைத்தவை பீரங்கிகள் அல்ல, பாதைகள். கண்டி வீழ்ந்த பிறகு கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் கொழும்பிலிருந்து மலையைக் குடைந்து ரஸ்தா போட்டார். 1867-ல் ரயிலும் வந்து சேர்ந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, கீழே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சித்திரத்தில் வரைந்ததுபோல் தெரிகின்றன. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சிதான். ஆயினும் ஒரு தேசத்தைக் கட்டி வைப்பதற்காகப் போட்ட கயிறு அந்த ரஸ்தா என்பதையும் நினைத்துக்கொண்டோம்.

ஏரிக்கரை மாளிகை

குயின்ஸ் ஹோட்டல் தலதா வீதியில், ஏரியின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளை வெளேரென்ற பழங்கால மாளிகை. ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் எழுந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வந்தவர் போனவருக்கெல்லாம் இடம் கொடுத்த கட்டடம். உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், நடந்தால் முனகும் மரத்தரை. புது மோஸ்தர் ஹோட்டல்களில் உள்ள கண்ணாடிப் பளபளப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. வீதியின் மோட்டார் சத்தமும் பகலில் ஓயாது. அதற்கு ஈடாகக் கிடைப்பது என்னவென்றால், வாசற்படி இறங்கி வீதியைக் கடந்தால் தலதா மாளிகையின் தோட்டம். இடப்புறம் திரும்பினால் கடைவீதி. வலப்புறம் திரும்பினால் ஏரிக்கரை. ஒரு ராஜ்யத்தின் சரித்திரம் முழுவதையும் வாகனம் வைக்காமல் பார்த்துவிடலாம்.

முதல் நாள் விடியற்காலையில் நம்மை எழுப்பியது கடிகாரம் அல்ல, மேளம். தலதா மாளிகையில் தினம் மூன்று வேளை பூஜை நடக்கிறது. ஒவ்வொரு வேளையும் முரசும் ஊதுகுழலும் முழங்குகின்றன. இருட்டுப் பிரியாத நேரத்தில், ஏரித் தண்ணீரின்மேல் பனிமூட்டம் படர்ந்திருக்க, அந்த ஒலி மலையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டபோது, ஊருக்கு வெளியே தங்குவோரின் நல்ல காற்றை நாம் சிறிதும் பொறாமையோடு நினைக்கவில்லை. வெள்ளுடை தரித்த ஸ்திரீகளும் புருஷர்களும் தாமரையும் அல்லியும் ஏந்தி வரிசை வரிசையாகப் போனார்கள். நாமும் பாதரட்சைகளைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் பின்னே போனோம்.

புத்த பகவானின் தந்தம் இந்த மாளிகையில் இருப்பதாகப் பௌத்தர்கள் போற்றி வணங்குகிறார்கள். தந்தம் யாரிடம் இருக்கிறதோ அவரே இலங்கைக்கு அரசர் என்பது அந்நாட்டின் பழைய ஐதீகம். ஆகையால் தந்தத்தின் வீடும் அரசனின் வீடும் ஒரே மதிலுக்குள் இருந்தன. முன்புறத்தில் எண்கோண வடிவில் ஒரு மண்டபம் இருக்கிறது. கண்டியின் படங்களில் எல்லாம் முதலில் கண்ணில் படுவது இதுதான். இதைக் கட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் நின்று ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்த இந்த இடத்தில், இப்போது ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வருகிறார்கள்.

கண்ணுசாமி அரசரான கதை

இந்தக் கடைசி அரசனின் பிள்ளைப் பெயர் கண்ணுசாமி என்று சொன்னால் நேயர்களில் சிலர் ஆச்சரியப்படலாம். சிங்கள நாட்டுக்கும் கண்ணுசாமிக்கும் என்ன சம்பந்தம்?

கண்டி அரசர்கள் தங்கள் பட்டமகிஷிகளை மதுரை நாயக்கர் குலத்திலிருந்து வருவித்துக்கொள்வது வழக்கம். 1739-ல் நரேந்திர சிங்கன் என்ற அரசன் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லாமல் இறந்தான். ராணியின் சகோதரனுக்கு முடி சூட்டினார்கள். அவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று மூவர். ஆக, 76 வருஷ காலம் தெலுங்கு வழிவந்த மதுரைச் சீமைக் குடும்பம் ஒன்று பௌத்த சிம்மாசனத்தில் வீற்றிருந்தது.

பெயருக்கு மட்டும் வீற்றிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். கீர்த்தி ஸ்ரீ 1747 முதல் 1782 வரை ஆண்டவன். சைவ குலத்தில் பிறந்தவன். இலங்கையில் பிக்ஷுக்களுக்கு முறைப்படி தீக்ஷை கொடுக்கவும் ஆள் இல்லாமல் போயிருந்த காலம் அது. அவன் சயாம் தேசத்துக்குத் தூது அனுப்பி, அங்கிருந்து உபாலி தேரர் முதலானவர்களை வரவழைத்து, 1753-ல் அந்தப் பரம்பரையைத் திரும்ப நிலைநாட்டினான். இன்று உலகமெங்கும் புகழ்பெற்ற கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் தந்தப் பேழை முன்னே செல்லும்படி ஏற்பாடு செய்தவனும் அவனே. அதற்கு முன் அது நான்கு தெய்வங்களுக்கு உரிய திருவிழாவாக இருந்தது. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய அந்த நால்வரும் இன்றும் தந்தத்தைத் தொடர்ந்து ஊர்வலத்தில் வருகிறார்கள். பத்தினி என்பது வேறு யாருமல்ல; மதுரையை எரித்த நம் கண்ணகியே. ஹோட்டலிலிருந்து கால் மைல் நடப்பதற்குள் அவளுடைய கோயில் வந்துவிடுகிறது. சிலம்பின் நாயகிக்குச் சிங்களப் பெண்கள் விளக்கேற்றிக் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோது நமக்கு உண்டான உணர்ச்சியைச் சொல்லி முடியாது.

ஏரி பிறந்த விதம்

ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஏரியைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று கேட்பார்கள். நாமும் அப்படியே கேட்டு வாங்கினோம். சாயங்காலத்தில் அதன் அழகே அழகு. கரையின் ஒரு பகுதியில் அலை அலையாக வளைந்து, விளக்கு வைப்பதற்கு மாடங்களோடு கூடிய மதில் ஒன்று இருக்கிறது. அதற்கு மேக மதில் என்று அர்த்தம் வரும்படி சிங்களத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் நடுவே ஒரு சிறு தீவு.

இயற்கையாக அமைந்த ஏரி அல்ல அது. நெல் வயல்களாக இருந்த இடத்தை 1807-ல் தொடங்கி ஏரியாக மாற்றியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி அவனுக்குத் துணை நின்றான். கூலியின்றி அரசனுக்கு வேலை செய்யும் 'ராஜகாரிய' முறையில் நாட்டு ஜனங்களை அதில் பூட்டினார்கள். வெளியே எதிரி காத்திருக்கும் காலத்தில் உள்ளே அழகு பார்ப்பதா என்று ஜனங்கள் மனங்கசந்தார்கள். பிரபுக்களோ இன்னும் அதிகமாகக் கசந்தார்கள்.

கண்ணுசாமியைப் பதினெட்டு வயதில், 1798-ல் சிம்மாசனத்தில் ஏற்றியவன் பிலிமத்தலாவை என்ற முதன் மந்திரி. சிறுவன் தன் கைப்பாவையாக இருப்பான் என்பது அவன் கணக்கு. கணக்குத் தப்பியது. பாவை தானே ஆடத் தொடங்கியதும் மந்திரி சதி செய்தான். இறுதியில் மரண தண்டனை பெற்றான். அவனுக்குப் பின் வந்த எஹலபொலவும் அரசனோடு முரண்பட்டு, 1814-ல் ஆங்கிலேயரிடம் ஓடிப்போனான். அரசனுடைய கோபம் ஓடியவனை விட்டு, ஓடாமல் வீட்டில் இருந்தவர்கள் மேல் விழுந்தது. எஹலபொலவின் குழந்தைகள் தாயின் கண்ணெதிரே வெட்டுண்டார்கள். அந்தத் தாயைப் போகம்பரை ஏரியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மூத்தவன் பயந்து தாயைக் கட்டிக்கொண்டபோது, மத்துமபண்டார என்ற இளைய மகன் தானே முன்வந்து தலைகுனிந்தான் என்று சிங்களத் தாய்மார் தம் குழந்தைகளுக்குச் சொல்லுகிறார்கள்.

நம்மவன் என்பதற்காக இந்தச் செயலை மறைக்க நாம் ஒருப்படோம். ஆங்கிலேயர் இந்தக் கொடுமையைப் பெரிதாகப் பறை சாற்றித் தங்கள் படையெடுப்புக்கு நியாயம் தேடிக்கொண்டார்கள் என்பது மெய். கொடுமை நடந்தது என்பதும் மெய். இரண்டு மெய்களையும் சேர்த்துச் சொல்வதே சரித்திரம்.

கையொப்பமிட்ட மண்டபம்

தலதா மாளிகைக்குப் பக்கத்தில் சித்திர வேலை செய்த மரத்தூண்கள் நிறைந்த ஒரு சபா மண்டபம் இருக்கிறது. மகுல் மடுவை என்பது பெயர். நாம் அங்கே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். தூண்களின் வேலைப்பாட்டைப் பார்க்க வந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நமக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

1815-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, மெதமகாநுவரைக்கு அருகில் ஒளிந்திருந்த அரசனைப் பிடித்தார்கள். மார்ச்சு 2-ந் தேதி இந்த மண்டபத்தில் கவர்னர் பிரௌன்ரிக்கும் கண்டிப் பிரபுக்களும் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். துப்பாக்கிச் சண்டை என்று சொல்லத்தக்கது ஏதும் பெரிதாக நடக்கவில்லை. மூன்று அந்நிய வல்லரசுகள் வாளால் வெட்ட முடியாத ராஜ்யத்தை அதன் சொந்தப் பிரபுக்கள் பேனாவால் வெட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஷரத்துக்கள் கொண்ட அந்த ஒப்பந்தத்தில் ஐந்தாவது ஷரத்து பௌத்த மதத்துக்குப் பங்கம் வராது என்று வாக்களித்தது. வேறு ஒரு ஷரத்து, அரசனின் உறவினர் எவரும் கண்டி நாட்டில் அடி எடுத்து வைக்கலாகாது என்று தடுத்தது. கையொப்பம் உலரும் முன்பே ஆங்கிலக் கொடி ஏறியதைக் கண்டு, வாரியபொல சுமங்கலர் என்ற பிக்ஷு அதை இறக்கிக் காலால் மிதித்தார் என்ற கதையும் அந்நாட்டில் வழங்குகிறது.

ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் என்ன பெற்றார்கள்? இரண்டே வருஷங்களில் மலைநாடு கலகம் செய்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை தானே கலகக்காரரோடு சேர்ந்து போராடினார். 1818 நவம்பரில் போகம்பரையில் அவர் தலையை வெட்டினார்கள். அவருடைய மண்டையோடு ஆராய்ச்சிப் பொருளாக எடின்பரோவுக்குப் போயிற்று. சுதந்திரம் வந்த பிறகுதான் அது திரும்பி வந்து, தலதா மாளிகைக்கு எதிரே நினைவுத்தூணின் கீழ் சாந்தி அடைந்தது. அரசுரிமை கிடைக்கும் என்று நம்பியிருந்த எஹலபொலவோ மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1829-ல் அங்கேயே இறந்தான். அரசனின் தங்கச் சிம்மாசனம் இங்கிலாந்து தேசத்து விண்ட்ஸர் அரண்மனைக்குப் போய், 1934-ல் திரும்பி வந்தது. இப்போது அதைக் கொழும்பு மியூசியத்தில் காணலாம்.

அண்ணன் தம்பி சண்டையில் அயலானை மத்தியஸ்தனாக அழைப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு நம் தேசத்தில் உதாரணங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் இவ்வளவு சுருக்கமாக, ஒரே மண்டபத்தில், ஒரே காகிதத்தில் அது எழுதப்பட்ட இடம் வேறு உண்டோ என்று நமக்குத் தோன்றியது.

இரண்டு ராணிகள்

ஹோட்டலின் பெயரிலுள்ள ராணி ஆங்கிலேயரின் ராணி. ஏரிக்கரையோடு சிறிது தூரம் நடந்தால் வேறு ராணிகளின் சின்னம் ஒன்று கண்ணில் படும். கண்டியின் ராணிகள் ஸ்நானம் செய்வதற்காகத் தண்ணீரை ஒட்டிக் கட்டிய மண்டபம் அது. ஆங்கிலேயர் அதன்மேல் ஒரு மாடி எழுப்பி நூல்நிலையமாக்கினார்கள். பிற்காலத்தில் போலீஸாரும் அதில் குடியிருந்தார்கள். ஏரியின் நடுவில் உள்ள தீவையும் ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக்கிக்கொண்டார்கள். மதுரையிலிருந்து பல்லக்கில் வந்து, அறியாத பாஷை பேசும் நாட்டில் வாழ்ந்து, கணவனோடு சிறைப்பட்டுக் கப்பலேறிய அந்தப் பெண்களின் பெயரில் அங்கே ஹோட்டல் ஒன்றும் இல்லை.

காப்பி கேட்ட கதை

இனிச் சாப்பாட்டு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். இடியாப்பம், ஆப்பம், தேங்காய்ச் சம்பல், 'கிரிபத்' என்னும் பால்சோறு எல்லாம் நம் நாவுக்கு உறவினர்களே. தேயிலைத் தோட்டங்களின் வாசலிலே இருந்துகொண்டு தேநீருக்குக் குறை சொல்ல முடியுமா? ஆயினும் பழக்கதோஷம் யாரை விட்டது? இரண்டாம் நாள் காலையில், "காப்பி கிடைக்குமா?" என்று கேட்டோம்.

பரிமாற வந்த இளைஞர் சிரித்துவிட்டுத் தமிழில், "கிடைக்குங்க ஐயா. ஆனா நம்ம ஊரு காப்பி செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சுங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மலைகளை முதலில் மூடியது காப்பிச் செடிதான். 1869 முதல் இலைகளில் துரு போன்ற நோய் கண்டு, சில வருஷங்களில் காப்பி அடியோடு அழிந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காப்பி ஆனாலும் தேயிலை ஆனாலும் மலையைத் திருத்தியது யார்? திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து கடல் தாண்டிய நம் ஜனங்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தார்கள்; வழியிலேயே மாண்டவர் அநேகர். துரைமார் கண்டிக்கு வந்து நடனமாடிக் களித்த காலத்தில் அந்தச் செலவுக்கு வேண்டிய பணம் அவர்கள் கூடையில்தான் விளைந்தது.

அந்த இளைஞரும் தோட்டத்தில் பிறந்தவரே. "ஐயா இந்தியாவில எந்தப் பக்கமுங்க?" என்று விசாரித்தார். சொன்னோம். "கூடலூர் கிட்டவா, தூரமா?" என்று கேட்டார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம்.

"எங்க அப்பாயியோட கூடப் பொறந்தவங்க எல்லாரும் அங்கதாங்க. ஒப்பந்தத்தில பேரு வந்து தலைமன்னாருல கப்பலேறிட்டாங்க. அப்பாயி பேரு மட்டும் இந்தப் பக்கம் நின்னு போச்சு. கடைசி வரைக்கும் பாக்கலை. லெட்டர் மட்டும் வரும்."

நாம் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 1948-ம் ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தருவதென்றும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒத்தி வைத்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டத்தினால்தான் விமோசனம் கிடைத்தது. மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்தபோது அக்காள் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலும் நின்றார்கள். நீலகிரியில் நாம் குடிக்கும் தேநீரிலும் கண்டியில் நாம் குடித்த தேநீரிலும் ஒரே குடும்பத்தின் கைகள் பட்டிருக்கின்றன என்பதை அன்று அறிந்தோம். காப்பி வந்தது, ஆனால் அதன் ருசி நினைவில் இல்லை.

ஊரைப் பார்க்கும் முறை

கண்டியில் கைத்தொழில்கள் இன்னும் முற்றும் மறையவில்லை. பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளி வேலை, பாய் முடைதல் முதலியவற்றைக் காணலாம். நாயக்க அரசர் காலத்திலும் அதற்கு முன்னும் செழித்த இந்தக் கலைகளின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அந்த அறிஞர், நில இயல் ஆராய்ச்சிக்காக இலங்கைக் கிராமங்களில் சுற்றியபோது கல்லை விட்டுக் கலையைக் கண்டார். 1908-ல் சிங்களக் கலைகளைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூலுக்குக் கண்டி நாட்டுக் கைவினைஞர்களே ஆதாரம். விளக்கு வாங்குகிறவர்கள் அச்சில் வார்த்ததையும் கையால் செதுக்கியதையும் பகுத்தறிந்து வாங்கினால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

ஆடி மாதத்தை ஒட்டிப் பெரஹரா பத்து இரவுகள் நடக்கும்போது ஹோட்டல் தாழ்வாரத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெகு நாள் முன்பே எழுத வேண்டும். அந்த ஊர்வலத்தில் ஐம்பது வருஷம் போல் சேவை செய்து 1988-ல் மரித்த ராஜா என்ற யானையைப் பாடம் செய்து தலதா மாளிகை வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவசியம் காட்டவேண்டியது. அதே 1988-ல்தான் இந்நகரை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

தலதா மாளிகைக்குள் நுழையுமுன் உடலைச் சோதிக்கிறார்களே என்று சிலர் முகம் சுளிப்பதைக் கண்டோம். 1998-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லாரியை இதன் வாசலில் மோதி வெடிக்கச் செய்ததில் உயிர்கள் போயின. மாளிகையின் முகப்பு சிதைந்தது. அடுத்த ஆண்டுகளில் அதைப் பழையபடி கட்டி முடித்தார்கள். தமிழ் பேசிக்கொண்டு உள்ளே போகிற நாம் அந்தச் சோதனைக்குப் பொறுமையாக நின்று, கையில் இரண்டு தாமரைப் பூவும் கொண்டு போவது அழகு. நாம் அப்படிச் செய்தபோது காவலர் புன்முறுவலோடு வழிவிட்டார்.

கடைசியாக ஒன்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கதை கண்டியில் முடியவில்லை. 1816-ல் அவனையும் ராணிகளையும் பந்துக்களையும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். அங்கே பதினாறு வருஷம் வாழ்ந்து, 1832-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காலமானான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இருக்கிறது. 1990-ல் தமிழ்நாட்டு அரசு அதற்கு முத்து மண்டபம் என்று ஒரு மண்டபமும் எழுப்பியிருக்கிறது. வேலூருக்கு வைத்தியத்துக்கும் கோட்டை பார்க்கவும் போகிறவர் ஆயிரம் பேர். இந்தச் சமாதிக்குப் போகிறவர் மிகச் சிலர்.

கண்டிக்குப் போக எண்ணும் நேயர்கள் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றங்கரைக்குப் போய் வரும்படி யோசனை சொல்லுகிறோம். அதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டாம். பஸ் டிக்கெட்டே போதும். குழந்தைகளுக்கு அந்த அரசன் கட்டியதையும் கெடுத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு கடல் கடந்து போய் ஏரிக்கரையில் அறை எடுக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர் யாருடைய கனவு, யாருடைய வியர்வை என்று அவர்களே உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.